வியட்நாம் கிளம்புகிறவர்களுக்கு: டாங் வாங்கும் வழி

வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும், "அண்ணாச்சி, காசை எப்படிக் கொண்டுபோக?" என்று வந்து நிற்பார்கள். இப்போது பாதிப் பேர் வியட்நாமுக்குத்தான் போகிறார்கள். அங்கே பெரிய ஓட்டலில் அட்டை செல்லும்; சாலையோரக் காபிக்கும் சந்தைக்கும் படகுக்காரருக்கும் ரொக்கம் வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் பெரும்பாலும் அந்த ஊர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. நம் போனை நம்பிப் போக வேண்டாம்.

வியட்நாம் பணமான டாங்கை நம்மூரில் தேடி அலையாதீர்கள். மேலப்பாளையம், ஏர்வாடி என்று வளைகுடாவுக்குப் போய் வருகிறவர்கள் நிறைந்த பக்கம் இது. திர்ஹமும் ரியாலும் டாலரும் மாற்ற நெல்லையில் இடம் உண்டு. டாலராகவே வாங்குங்கள், ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இடத்தில் மட்டும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் அட்டை கையில் இருக்கட்டும். ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தால் 50,000 வரைதான். அதற்கு மேல் வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுக்கலாம். ஓட்டலும் டிக்கெட்டும் முன்பே கட்டியிருந்தால் அவ்வளவெல்லாம் தேவைப்படாது.

நோட்டு வாங்கும்போதுதான் கண் வேண்டும். நூறு டாலராகக் கேளுங்கள். சின்ன நோட்டுக்கு அங்கே பெரும்பாலும் விலையைக் குறைப்பார்கள். 2013-இல் வெளிவந்த, நீலப் பட்டை ஓடும் நோட்டு நல்லது. முத்திரை, பேனாக் கிறுக்கல், ஓரக் கிழிசல் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, கேஷியருக்கு இது தினப்படி வேலை. எங்கள் மதினி டாலரை எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போனார். மடிப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு அங்கே வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். ஒரு பழைய டைரிக்குள் தட்டையாக வைத்துக்கொண்டால் போதும்.

இறங்கியதும் விமான நிலையத்தில் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றுங்கள். அதற்கென்று இருபது டாலர் நோட்டு இரண்டு தனியாக இருக்கட்டும். மிச்சத்தை ஊருக்குள் வங்கியிலோ, அனுமதி பெற்ற நகைக்கடையிலோ இரண்டு மூன்று தவணையாக மாற்றலாம். ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தையைச் சுற்றிப் பணம் மாற்றும் கடைகள் உண்டு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. உண்டியலுக்குப் பத்தாயிரம் போட்டேன் என்று ஊரில் வந்து சொல்லலாம், நம் கணக்குக்கு அது முப்பத்து சொச்சம் ரூபாய்!

சுழிகள்தான் ஆளை ஏமாற்றும். மூன்று சுழியை வெட்டிவிட்டு மூன்றரையால் பெருக்குங்கள். விலை ரூபாயில் ஏறக்குறைய வந்துவிடும். கடைக்காரர் ஐம்பது என்றால் ஐம்பதாயிரம் டாங். 20,000, 500,000 இரண்டுமே நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். டாக்சி வெளிச்சத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும். ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். கவுண்டரை விட்டு நகருமுன் எண்ணுங்கள். வாங்கியதில் கொஞ்சத்தைச் சின்ன நோட்டாகக் கேளுங்கள்.

ஏடிஎம் கைத்துணைக்குத்தான். இந்தியாவில் தரும் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். 'ரூபாயிலேயே கழிக்கட்டுமா' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதன் மாற்று விலை நமக்கு நஷ்டம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும்.

திரும்பும்போது மிஞ்சிய டாங்கை அங்கேயே டாலராக்கிவிடுங்கள். மாற்றிய ரசீதுகளை அதுவரை கிழித்துப் போடாதீர்கள். கையில் நிற்கும் டாலரில் 2,000 வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.