எல்லாக் கஷ்டமும் "ப்ராப்ளம்" தானா?

ஹட்டன் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பாதிப் பேர் கட்டுரையில் ஒரே சொல்தான்: ப்ராப்ளம். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரை ஒழுகினாலும் ப்ராப்ளம், பஸ் வராவிட்டாலும் ப்ராப்ளம். சரி, கஷ்டத்துக்கு ஏற்ற இங்கிலீஷ் சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பழகலாம், ஒரு கொப்பியை எடுங்கள்.

படி 1: கஷ்டத்தை அளந்துகொள்ளுங்கள்

உங்கள் கஷ்டத்தைத் தமிழில் ஒரு வரியாக எழுதி, எத்தனை நாளாக என்று பக்கத்தில் குறியுங்கள். பஸ் தவறியது மாதிரி அன்றோடு முடிந்தால் ப்ராப்ளம் போதும். சம்பளம் பற்றாமல் வருஷக்கணக்காக இழுத்தால் ஹார்ட்ஷிப். கப்பலைத் தேடாதீர்கள், ஃப்ரெண்ட்ஷிப்பில் ஒட்டியிருக்கும் அதே வால்தான் இது.

படி 2: தாங்குவதற்குச் சொல் தேடுங்கள்

கொழுந்துக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தலையில், பாரம் முதுகில். பேர் (bear) என்ற வினைச்சொல்லின் பழைய பொருளே சுமப்பதுதான். (கொழுந்து குறைந்தால் விழுகிற அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வேறு சங்கதி!) இன்றைய பேச்சில் இது பெரும்பாலும் "முடியாது" என்பதோடுதான் வரும்: ஐ கான்ட் பேர் த கோல்ட். இறந்தகாலம் போர் (bore), பேர்ட் என்று எழுதினால் மார்க்ஸ் போச்சு.

சஃபர் என்பதற்கும் லத்தீன் வேரில் அடியிலிருந்து சுமப்பது என்றே பொருள். எண்டியூர் மட்டும் கடினம் என்ற வேரிலிருந்து வந்தது. இறுகி நின்று தாக்குப்பிடிப்பது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்தே வந்த நம் முன்னோரைப் பற்றி எழுதுகிறீர்களா? வந்து சேர்ந்தவர்களுக்கு எண்டியூர்ட் போடுங்கள். வழியிலேயே இறந்துபோனவர்கள் ஏராளம். அவர்களுக்கு நான் சஃபர்ட் என்றுதான் போடுவேன்.

அட்டைக்கடி, பக்கத்துக் காம்பராவின் ரேடியோச் சத்தம் போன்ற சில்லறைத் தொல்லைகளுக்குப் புட் அப் வித். முன்னோரின் நடைக்கு இதைப் போட்டால் சிரிப்பார்கள்.

படி 3: பின்னால் வருவதைச் சரிபாருங்கள்

சமாளிப்பதற்குக் கோப் வித் சரி. கோப் அப் வித் பிழை. புட் அப் வித்தோடு கலந்துபோய் நம் பக்கம் பெரியவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். எண்டியூருக்கு வித் வேண்டாம். நோய் என்றால் சஃபர் ஃப்ரொம் ஆஸ்த்மா, ஆனால் சஃபர் ஹார்ட்ஷிப்.

படி 4: எழுதிப் பாருங்கள்

முதலில் எழுதிய தமிழ் வரியை மறுபடி பார்த்து, இரண்டு சொல்லாவது வருகிற மாதிரி இங்கிலீஷில் எழுதுங்கள். போன கிழமை ஒரு பிள்ளை எழுதியது: "மை மதர் ஹேஸ் எண்டியூர்ட் மெனி ஹார்ட்ஷிப்ஸ், பட் ஷி கான்ட் பேர் மை சிங்கிங்." முழு மார்க்ஸ் போட்டேன்.