ஒரு சுற்றுக்கு ஒரு குதி: பழைய சாணைக்கல் சரியான கதை

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு பண்ணை ஏலத்தில், காலால் மிதித்துச் சுற்றும் பழைய சாணைக்கல் கிடைத்தது. 20 அங்குல மணற்கல், மரச் சட்டம், அடியில் தண்ணீர்த் தொட்டி. நின்றபடி வீசிப் புல் அறுக்கும் நீள அரிவாளை அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் இதில்தான் தீட்டினார்கள். (ஐரோப்பாவில் பல இடங்களில் சுத்தியலால் விளிம்பைத் தட்டி மெலிதாக்குவார்கள்.)

அரிவாளை வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி. விளிம்பெல்லாம் எலி கடித்த மாதிரி ஆனது.

அச்சுக்கு கிரீஸ் போட்டேன். தாங்குகட்டையை மாற்றினேன். ஆப்புகளைப் பிடுங்கி மறுபடி அடித்தேன். இரண்டு வார விடுமுறை போனதுதான் மிச்சம்.

பிறகுதான் கவனித்தேன்: காலை எடுத்ததும் கல் எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்துதான் நின்றது. அந்தப் பக்கம் நிறமும் கொஞ்சம் கருத்திருந்தது. தொட்டித் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்த பகுதி அது. மணற்கல் நீர் குடித்தால் கனக்கும், இளகும், சீக்கிரம் தேயும். இரவில் தண்ணீரை வடிக்காமல் விட்டு நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன்!

தொட்டியைக் காலிசெய்து 4 நாள் காயவிட்டேன். முகமூடி போட்டுக்கொண்டு (மணற்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது), பழைய இரும்புக் குழாய்த் துண்டைச் சட்டத்தில் அசையாமல் ஊன்றி, அதிகம் தேயாமல் மேடாக நின்ற மறுபக்கம் தேயும்வரை கல்லைச் சுற்றினேன். குதி நின்றது.

இப்போது தொட்டி காலி. மேலே ஆணித் துளை போட்ட டப்பாவிலிருந்து சொட்டுத் தண்ணீர்தான்.