கியர்பாக்ஸ் மாற்றிய பழைய காரில் மின்கோளாறு: எங்கே தொடங்குவது?

முதலில் எர்த் பட்டை, அதாவது கியர்பாக்ஸை வண்டி உடலோடும் பேட்டரி மைனஸோடும் இணைக்கும் தடித்த ஒயர். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பதும், பெயிண்ட் மேலேயே முடுக்குவதும் சகஜம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை கியர்பாக்ஸ் உடலிலும் தொட்டு, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. அப்போது பேட்டரிக்குத் திரும்பும் மின்னோட்டம் கியர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் சுடுவது இதனால்தான். போல்ட் இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டி மாட்டுங்கள். சோதிக்கும் முன் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ரிவர்ஸ் போட்டதும் ஃபியூஸ் போகிறதா? ரிவர்ஸ் விளக்கை எரியவைக்கும் கியர்பாக்ஸ் சுவிட்சின் ஒயர் சைலன்சர் குழாயில் உரசி உருகியிருக்கும். பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், ஒயர்தான் எரியும்.

ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக மாற்றிய வண்டியில் நியூட்ரல் சுவிட்ச் (கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) ஒயர்களை நேரடியாக முறுக்கி இணைத்திருப்பார்கள். சோம்பேறி வேலை, ஆபத்தும்கூட: கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகி வண்டி பாயும். அந்த இரு ஒயர்களையும் கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாகக் கொண்டு செல்லுங்கள்.

ஸ்பீடோமீட்டர் செத்திருந்தால், கியர்பாக்ஸில் உள்ள வேக சென்சாரின் வகை மீட்டருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.