மின்சாரக் காருக்கு மட் ஃபிளாப்பும் ஃபொக் லைற்றும்: முதல் தடவை பூட்டுகிறவர்களுக்கு

கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எங்கள் வீடு. வாசலில் நிற்பது ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த பழைய நிசான் லீஃப். வாங்கி மூன்றாம் மாதம், ஒரு விடியற்காலை அது எழும்பவே இல்லை. நிறுத்தும்போது சார்ஜ் எழுபது வீதத்துக்கு மேலே இருந்தது. இப்போது ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை, டாஷ்போர்ட்டில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை.

குற்றவாளி நான்தான். கால் வைக்கும் இடத்தில் நீல வெளிச்சம் வந்தால் வடிவாக இருக்கும் என்று ஒரு எல்இடி பட்டி பூட்டுவித்திருந்தேன். பூட்டித் தந்தவர் வயரை நேரே பற்றரியில் கொடுத்துவிட்டார். கல்யாண வீட்டு அலைச்சலில் மூன்று நாள் காரைத் தொடவில்லை. மேலே உறை போட்டிருந்தபடியால் உள்ளே எரிந்துகொண்டிருந்ததும் தெரியவில்லை. கணக்கைப் பாருங்கள்: அந்தப் பட்டி 6 வாட், அதாவது அரை அம்பியர். ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி, மூன்று நாளைக்கு 36. பொனற்றுக்குள் இருக்கும் சின்னப் பற்றரியில் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நானே பூட்டப் பழகினேன். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு இந்தப் பக்கமும் புதிய மின்சாரக் கார்கள் கண்ணில் படுகின்றன. கார் வந்த கையோடு என்ன பூட்டலாம் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பற்றரிகள்

மின்சாரக் காரில் பற்றரி இரண்டு. சக்கரத்தைச் சுற்றுவது தரைக்கு அடியில் படுத்திருக்கும் பெரியது. லீஃபில் அது 400 வோல்ற்றை நெருங்கும். லைற், ஹோர்ன், வைப்பர், கதவுப் பூட்டு, காரை எழுப்பும் கணினிகள் எல்லாம் 12 வோல்ற் சின்னப் பற்றரியில்தான் நடக்கின்றன. பெற்றோல் காரில் ஓல்ட்டர்னேட்டர் செய்கிற வேலையை இங்கே டிசி-டிசி கன்வேட்டர் என்ற பெட்டி செய்கிறது. கார் 'ரெடி'யில் நிற்கும்போது பெரியதில் இருந்து எடுத்துச் சின்னதை நிரப்பும். கார் அணைந்தால் சின்னது பெரும்பாலும் தனியாள். அதை வெறுமையாக்கிவிட்டால் அடியில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் கார் எழும்பாது.

நாம் கை வைக்கப் போவது 12 வோல்ற் பக்கத்தில் மட்டும். செம்மஞ்சள் உறை போட்ட தடித்த வயர்கள் பெரிய பற்றரியின் பக்கம். அவற்றைத் தொடாதீர்கள், கட்டாதீர்கள், அவற்றின் மேல் வேறு வயரைச் சாய்த்தும் ஓட்டாதீர்கள். அதேபோல் காரின் தரையிலும் கதவுக்குக் கீழான விளிம்பிலும் துளை போடுவதே இல்லை. பெற்றோல் காரில் ஒரு ஸ்குறூ இறக்கினால் போவது ஒரு துண்டுத் தகரம். இங்கே அடியில் இருப்பது பற்றரிப் பெட்டி.

எதை வாங்குவது, எதை விடுவது

காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடைக்குள் போனால் கண் கூசும். குரோம் பட்டி, கதவைத் திறந்தால் தரையில் படம் விழுத்தும் லைற், மின்னும் இலக்கத்தகடு விளிம்பு. நம் ஊருக்கு உண்மையில் எது எதிரி என்று யோசித்தால் பட்டியல் சுருங்கிவிடும். உப்புக்காற்று, கார்த்திகை மார்கழி மழை, வயல் பக்கத்துச் சேறு, இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாடு. இவ்வளவுதான்.

கடைசியில் சொன்னது மின்சாரக் காருக்குத் தனிப் பிரச்சினை. பெற்றோல் கார் வருகிற சத்தத்துக்கே மாடு தலையைத் தூக்கும். நம் கார் பூனை போல வருவதால் அது அசையாது. கொக்கட்டிச்சோலையில் இருந்து இரவு திரும்பும்போது ஒரு கறுப்பு எருமையை நான் கண்டது பத்தடி தூரத்தில். அன்றைக்குத்தான் ஃபொக் லைற் பூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

முன்பக்கம் சிவப்பு, மின்னுகிற நீலம், கூரையில் நீள எல்இடி பட்டை, இவை வேண்டாம். பொலிஸ் மறிப்பது ஒரு பக்கம், எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண் மறுபக்கம். முன் லைற்றில் ஹலோஜன் பல்ப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மலிவு எல்இடி பல்ப் போடுவதும் இதே வகைதான். உள்ளே இருக்கும் கண்ணாடி வளைவு ஹலோஜன் இழைக்காகச் செய்தது; வெளிச்சம் எரிகிற இடம் கொஞ்சம் மாறினாலும் கதிர் மேலே சிதறும். உங்களுக்கு வெளிச்சம் கூடினது போல இருக்கும், எதிரே வருகிறவர் உங்களைத் திட்டுவார்.

முன்னால் குரோம் காவல் கம்பி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னுடையது போன்ற பழைய லீஃபின் சார்ஜ் வாய் மூக்கில்தான் இருக்கிறது. கம்பி அந்த மூடியை மறித்தால் என்ன செய்வீர்கள்? கூரையில் சாமான் தட்டை நிரந்தரமாகப் பூட்டி வைப்பதும் காற்றை மறித்து ஓடும் தூரத்தைத் தின்னும். லைற்றைப் பற்றி அந்தப் பயம் தேவையில்லை. 20 வாட் லைற் இரண்டு ஒரு மணித்தியாலம் எரிந்தால் 0.04 யூனிட். ஒரு யூனிட்டில் 6 கிலோமீற்றர் ஓடும் காருக்கு அது 240 மீற்றர். ஏறக்குறைய கல்லடிப் பாலத்தை ஒரு தரம் கடக்கிற அளவுதான்.

காவல் சாமான்கள்: சுருக்கமாக

மட் ஃபிளாப் வாங்கும்போது உங்கள் காரின் மொடலுக்கென்று வார்த்ததைக் கேளுங்கள். சக்கர வளைவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஸ்குறூவையும் கிளிப்பையும் கழற்றி, அதே ஓட்டையில் மட் ஃபிளாப்பையும் சேர்த்து இறுக்க வேண்டும். ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கி வைத்தால் கை போக இடம் கிடைக்கும். ஸ்குறூ கறள் பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும். சாதாரண இரும்பு கல்லடிக் காற்றில் ஒரு மாரி தாங்காது. முடிந்ததும் இரண்டு பக்கமும் முழுக்கக் கிறுக்கிப் பார்த்து, ரயர் உரசவில்லை என்று தெரிந்த பிறகு ஓட்டுங்கள்.

டோர் வைசர், அதாவது கதவுக் கண்ணாடிக்கு மேலே ஒட்டும் மழை மறைப்பு, நல்ல காசு. மழையில் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி ஓடலாம், ஏசியை அவ்வளவு போடத் தேவையில்லை. ஒட்டுவதைக் காலை ஏழு மணிக்கு முன்னம் செய்யுங்கள். வெயிலில் காய்ந்த கதவில் ஒட்டினால் பசை இளகி, வாரத்துக்குள் ஒரு முனை தூக்கும். ஒட்டும் இடத்தைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்து, காயவிட்டு, பசைத்தாளை ஒரே தரத்தில் உரிக்காமல் இரண்டு முனையிலும் கொஞ்சம் உரித்து, நேராக வைத்துப் பார்த்து, மறுகா மிச்சத்தை இழுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.

சீற் கவர் வாங்கும்போது சீற்றின் பக்கவாட்டில் எயார்பேக் என்று சின்னத் துண்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடம் திறந்திருக்கும் கவர்தான் வேண்டும். ரப்பர் மற் ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள், பிறேக்குக்கு அடியில் போய்ச் சிக்கும்.

அடிப்பக்கத்துக்குக் கறள் தடுக்கும் கறுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சக்கர வளைவு, சசி என்கிற அடிச்சட்டத்தின் இரும்பு, சஸ்பென்ஷன் கைகள், இவற்றுக்கு அடிக்கலாம். பற்றரிப் பெட்டிக்கும் செம்மஞ்சள் வயருக்கும் இணைப்பிகளுக்கும் அடிக்கவே கூடாது. பழைய லீஃபின் பற்றரிக்குத் தனியே குளிரூட்டி கிடையாது. சூடு வெளியேறுவது அந்தப் பெட்டியின் தோல் வழியாகத்தான். அதற்குக் கம்பளி போர்த்தினால் எப்படி இருக்கும்? வேலை செய்கிறவர் பெற்றோல் காரில் பழகியவர் என்றால் பக்கத்தில் நின்று காட்டுங்கள்.

ஃபொக் லைற்: இதுதான் பெரிய வேலை

வாங்க வேண்டியவை: 20 வாட் எல்இடி ஃபொக் லைற் இரண்டு, 12 வோல்ற் ரிலே (சுவிட்ச்சின் சின்னக் கரன்ட்டால் லைற்றின் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் பெட்டி) ஒன்று அதன் சொக்கெற்றோடு, 5 அம்பியர் பியூஸும் தண்ணீர் புகாத பியூஸ் கூடும், பியூஸ் ரப் (இருக்கும் பியூஸின் இடத்தில் செருகி அங்கிருந்து இன்னொரு வயர் எடுக்கும் துண்டு), சுவிட்ச், 1 சதுர மில்லிமீற்றர் பல இழை வாகன வயர், வயரை மூடும் நெளிகுழாய், சூட்டில் சுருங்கும் குழாய், கேபிள் ரை. வீடு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 வயரை எடுக்காதீர்கள். அது ஒற்றைக் கம்பி. கார் அதிர அதிர உள்ளே முறியும், வெளியே தெரியாது. லைற் மஞ்சளாக, 3000 கெல்வின் என்று போட்டதாக எடுங்கள். அடைமழையில் வெள்ளை வெளிச்சம் திரும்ப முகத்தில் அடிப்பது போல எனக்குப் படும்.

இனி வேலை. சார்ஜ் வயரைக் கழற்றுங்கள், காரை அணையுங்கள், சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். அதற்கு முன் பொனற்றைத் திறந்து, சாரதிக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பற்றரி கழன்ற பிறகு கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே போக வழி வேண்டுமே. ஐந்து நிமிடம் பொறுத்து, பத்தாம் நம்பர் ஸ்பனரால் சின்னப் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்குங்கள்.

பல கார்களில் பம்பரில் ஃபொக் லைற்றுக்கான குழி இருக்கும், வெறும் மூடி போட்டிருப்பார்கள். அந்த அளவுக்கு லைற் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஏதாவது ஒரு போல்ற்றில் தகட்டுத் தாங்கி வைத்து இறுக்கலாம்.

ரிலேயைச் சின்னப் பற்றரிக்குக் கிட்ட, கால்கள் கீழே பார்க்க, தண்ணீர் தேங்காதபடி பூட்டுங்கள். அதன் அடியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 30: பற்றரியின் பொசிற்றிவ் முனையில் இருந்து, பியூஸ் வழியாக. அந்தப் பியூஸ் பற்றரியில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பியூஸுக்கு முன்னால் உள்ள வயரை எதுவும் காக்காது. 87: இரண்டு லைற்றின் பொசிற்றிவுக்கும். 85: பொடிக்கு, அதாவது காரின் இரும்பு உடலுக்கு; இதுதான் ஏர்த். 86: சுவிட்ச்சில் இருந்து வருகிற வயர்.

லைற்றின் ஏர்த்தையும் 85 ஐயும் பற்றரியின் நெகற்றிவ் முனையில் நேரே கொடுக்காதீர்கள். பல கார்களில் அந்த முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சர் இருக்கும். அதைத் தாண்டி நீங்கள் எடுப்பது காருக்குத் தெரியாமல் போகும். பொடியில் ஏற்கெனவே ஏர்த் பூட்டியிருக்கும் போல்ற்றைத் தேடி, பெயின்ற்றை உப்புத்தாளால் வெளுக்கும் வரை தேய்த்து, வளையத்தை வைத்து இறுக்கி, மேலே கிறீஸ் தடவுங்கள். என்னுடைய ஒரு லைற் இரண்டாம் மாரியில் மங்கியது இந்த இடத்தில்தான். கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் பச்சையாய்ப் பூத்திருந்தது. அன்றைக்குக் கிறீஸ் தடவச் சோம்பல்.

வயரை உள்ளே கொண்டுபோகப் புதுத் துளை வேண்டாம். பொனற்றுக்கும் காருக்கும் நடுவில் உள்ள சுவரில் ரப்பர் அடைப்பு இருக்கும். அதில் சின்னக் கீறல் போட்டு, நேராக்கிய உடுப்புக் கொழுவியின் முனையில் வயரை ஒட்டித் தள்ளினால் வந்துவிடும். அவசரப்பட்டுக் குத்தாதீர்கள், அந்தப் பக்கம் என்ன வயர் போகிறது என்று முதலில் ரோச் அடித்துப் பாருங்கள்.

உள்ளே பியூஸ் பெட்டியில் பார்க்கிங் லைற்றின் பியூஸைக் கண்டுபிடியுங்கள். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பியூஸ் ரப்பைச் செருகி, பழைய பியூஸையும் சுவிட்ச்சுக்கான சின்னப் பியூஸையும் அதில் போடுங்கள். ரப்பில் இருந்து வயர் சுவிட்ச்சுக்கு, சுவிட்ச்சில் இருந்து 86க்கு. இப்படிக் கொடுத்தால் பார்க்கிங் லைற் எரிந்தால்தான் ஃபொக் லைற் எரியும். காரை அணைத்து லைற்றையும் அணைத்தால் எல்லாம் சேர்ந்து அணையும். என் நீலப் பட்டிக் கதை திரும்ப வராது.

பற்றரியைத் திரும்பப் பூட்டியதும் ரப் சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதில் இருக்கும் பழைய பியூஸை மட்டும் கழற்றிவிட்டு, பார்க்கிங் லைற்றைப் போட்டு, ரப்பின் வயரில் வோல்ற் அளக்கும் மீற்றரை வையுங்கள். 12 வோல்ற் காட்டினால் சரி. காட்டாவிட்டால் உங்கள் கரன்ட்டும் பழைய பியூஸ் வழியாகத்தான் வருகிறது என்று அர்த்தம். ரப்பைத் திருப்பிச் செருகுங்கள்.

லைற் எரியவில்லையா? எல்இடிக்குப் பொசிற்றிவ், நெகற்றிவ் மாறினால் எரியாது. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் ஏர்த், அப்புறம் பியூஸ். சுவிட்ச்சை அழுத்தும்போது ரிலே 'டிக்' என்றால் சுவிட்ச் பக்கம் நல்லது, பிழை 30 அல்லது 87 பக்கம். புதிய கார், வாரண்டி இருக்கிறது என்றால் பியூஸ் பெட்டியில் கை வைக்கும் முன்னம் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

உயரம் பிடிப்பது

இருட்டிய பிறகு சமதரையில், சுவரில் இருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். லைற்றின் நடு தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சோக்கால் கோடு கீறுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூன்று அங்குலமாவது கீழே விழ வேண்டும். பின் சீற்றில் இரண்டு பேரை ஏற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன் வெளிச்சம் ஏறும். எங்கள் வீட்டில் இதற்கு மாமியையும் மச்சானையும் ஏற்றினேன். மாமி இறங்கும்போது, "இவ்வளவு நேரம் இருத்தினதுக்குக் காத்தான்குடிக்காவது கொண்டு போயிருக்கலாமே மகன்" என்றார்.

படுக்கப் போகும் முன் சின்னப் பற்றரியில் மீற்றரை வைத்து எழுதி வையுங்கள். கார் அணைந்து நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும், ரெடியில் 13க்கு மேலே ஏறும். விடிந்ததும் காரை ரெடியில் போடாமல் திரும்ப அளந்து பாருங்கள். 12.2க்கு இறங்கியிருந்தால் பாதி போய்விட்டது, எங்கேயோ ஒழுகுகிறது. பூட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுங்கள். எனக்கு அடுத்த நாள் காலை 12.5 காட்டியது. அதற்குப் பிறகுதான் மாமியைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன்.