முடக்குவாதம்: இஎஸ்ஆர், சிஆர்பி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள்தான் இஎஸ்ஆரும் சிஆர்பியும். பெங்களூரு அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தடித்த எழுத்தில் ஒரு எண் இருந்தால் வீடே பதறும். அதைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. பழைய ரிப்போர்ட்டுகள், ஒரு நோட்டு, போன் கால்குலேட்டர், இவற்றோடு உட்காருங்கள்.

படி 1: அலகு

சிஆர்பியைச் சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரும், சில டெசிலிட்டருக்கு. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். போன மாதம் 18, இந்த மாதம் 1.8 என்றால் மருந்து வேலை செய்கிறது என்று துள்ள வேண்டாம், லேப் மாறியிருக்கும். எப்போதும் ஒரே லேபில் கொடுப்பது நல்லது. இரண்டு பரிசோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை.

படி 2: இஎஸ்ஆர்

சோடியம் சிட்ரேட் கலந்த ரத்தத்தைச் செங்குத்தான குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்று பார்ப்பார்கள். அழற்சியில் ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் கூடும். அணுக்கள் காசு அடுக்கினதுபோல ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்.

தொல்லை என்னவென்றால், ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாமே இதை ஏற்றிவிடும். தோராயக் கணக்கு: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. 60 வயது அம்மாவுக்கு 35 வரை இயல்பே. எனவே ஹீமோகுளோபினையும் சேர்த்தே பாருங்கள். வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம் சில்க் போர்டு நெரிசலில் பையிலேயே கிடந்தால் எண் பொய்யாகக் குறையும். அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால் பொய்யாகக் கூடும்.

படி 3: சிஆர்பி

கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். சில மணி நேரத்தில் ஏறி, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கொருமுறை பாதியாகும். இஎஸ்ஆர் இறங்கப் பல வாரம் ஆகலாம். ஒன்று இறங்கி மற்றது இறங்காமல் இருப்பது அதனால்தான். சளிக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சொத்தைப்பல் சீழ் இருந்தாலும் ஏறும். அந்த வாரம் எடுத்த ரிப்போர்ட்டை மூட்டுக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் நோயைக் கண்டறிய. மாதாமாதம் எடுப்பது வீண் செலவு.

படி 4: 28 மூட்டுகள்

அடுத்த படியின் கணக்குக்கு இந்த மூட்டுகளை எண்ண வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் இரண்டிரண்டு. விரல்களின் அடிமூட்டு 10, நடுமூட்டு 10 (கட்டைவிரலுக்கு நுனிப்பக்க மூட்டு). அழுத்தினால் வலிப்பவை தனி, வீங்கியவை தனி. வீக்கத்தை டாக்டரே எண்ணட்டும். பாதம் இந்தக் கணக்கில் இல்லை, அங்கே வலித்தால் நீங்களே சொல்லுங்கள்.

படி 5: டாஸ்28

நோயின் தீவிரத்தை ஒரே எண்ணில் சொல்லும் மதிப்பெண் இது: 0.56 × வலி மூட்டுகளின் வர்க்கமூலம் + 0.28 × வீங்கியவற்றின் வர்க்கமூலம் + 0.70 × இஎஸ்ஆரின் இயல் மடக்கை + 0.014 × நோய் எவ்வளவு படுத்துகிறது என்று நீங்கள் 0 (தொல்லையே இல்லை) முதல் 100 (மிக மோசம்) வரை தரும் மதிப்பு. கால்குலேட்டரைத் திறந்து போனைக் குறுக்காகத் திருப்பினால் ln என்ற இயல் மடக்கைப் பொத்தான் தெரியும்.

வலி 4, வீக்கம் 2, இஎஸ்ஆர் 36, மதிப்பு 40 என்றால் 1.12 + 0.40 + 2.51 + 0.56 = 4.59. 2.6க்குக் கீழே தணிவு (நோய் அடங்கிய நிலை), 3.2 வரை குறைவு, 5.1 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இதிலொரு பொறி. ஒரு மூட்டும் வலிக்காமல், வீங்காமல், உங்கள் மதிப்பும் 0 ஆக இருந்து, ரத்தசோகையால் மட்டும் இஎஸ்ஆர் 45 ஆனாலும் விடை 2.66. தணிவு கிடையாதாம்! அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே சேராத சிடிஏஐ என்ற மதிப்பெண் பொருந்தும்: வலி மூட்டு + வீங்கிய மூட்டு + உங்கள் மதிப்பு + டாக்டர் மதிப்பு, கடைசி இரண்டும் 10க்கு. 2.8 வரை தணிவு, 10 வரை குறைவு, 22 வரை நடுத்தரம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து போடுபவர்களுக்கு, சிஆர்பியைச் சுரக்கத் தூண்டும் ஐஎல்-6 என்ற பொருளின் வேலை தடைபடுவதால் சிஆர்பி பெரும்பாலும் ஏறுவதே இல்லை. மூட்டு வீங்கியிருக்கும்போதும் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், கடும் தொற்று இருந்தாலும் அதில் தெரியாமல் போகலாம். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சிஆர்பி எண்ணை நம்பிக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.