வீடு தேடும்போது மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள்

மதுரை மாட்டுத்தாவணியில் வேலை கிடைத்த தம்பிக்கு வாடகை வீடு தேடினோம். தண்ணீர் வராத வீடுகளை முதலிலேயே கழித்துவிட்டோம். அது விருப்பமல்ல, கட்டாயம். மிஞ்சியவை மூன்று. திருப்பரங்குன்றம்: 6,000 ரூபாய், 12 கிலோமீட்டர். கே.கே.நகர்: 14,000, 2 கிலோமீட்டர். பழங்காநத்தம்: 10,500, 8 கிலோமீட்டர். வாடகைக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு என்று எடை போட்டு மதிப்பெண்ணைக் கூட்டினால், எடையை எப்படி மாற்றினாலும் பழங்காநத்தம் முதலிடத்துக்கு வரவே வராது. போட்டுப் பாருங்கள். அதனால் வாடகை 11,000-க்குள் என்று வேலி கட்டி, அதற்குள் குறைந்த தூரத்தைத் தேடுங்கள். பழங்காநத்தம் வந்து நிற்கும்! அப்புறம் கிடைத்த தூரத்துக்கு வேலி கட்டி, அதற்குள் குறைந்த வாடகையைத் தேடுங்கள்.

கணினி நிரலை வைத்துக் கால அட்டவணை போடுபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. முக்கிய விருப்பத்தின் நல்ல மதிப்பை முதலில் முயலும்படி நிரலுக்குச் சொல்லுங்கள். நல்ல விடை சீக்கிரம் சிக்கினால், அதைவிட மோசமான விடைக்கே கொண்டுபோகும் என்று தெரிந்த கிளைகளை, அதாவது தேடல் வழிகளை, நிரல் திறந்துகூடப் பார்க்காது.