அடுத்த குழந்தை இருக்கையை வாங்குமுன் ஊரில் நிற்கும் வாகனத்தைக் கேட்டறியுங்கள்

தாயகப் பயணத்துக்கு மூன்று வாரங்களே இருந்தபோது மகளுக்கு அடுத்த கார் இருக்கையை வாங்கினோம். அவளுக்கு அப்போது 2 வயதும் 3 மாதமும். உயரம் 89 சென்ரிமீற்றர், எடை 12 கிலோவைத் தாண்டியிருந்தது. பிறந்த நாள் முதல் பயன்படுத்திய இருக்கை 13 கிலோ வரைக்கும்தான் என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். அவளுடைய உச்சந்தலையும் இருக்கை ஓட்டின் மேல்விளிம்புக்கு வந்துவிட்டது. மாற்ற வேண்டிய வேளை சரியாகவே வந்திருந்தது, நாங்கள் தேர்ந்தெடுத்ததும் நல்ல இருக்கைதான். காரிலுள்ள ஐசோஃபிக்ஸ் வளையங்களில் தன் கொளுவிகளால் பூட்டிக்கொள்ளும், தரையில் ஊன்றும் தாங்குகால் உடையது, பிள்ளையை ஏற்றி இறக்கப் பக்கவாட்டாகத் திரும்பக்கூடியது. எங்கள் காரில் அது அசையாமல் உட்கார்ந்தது. தாயகத்தில் அவள் ஏறப்போகும் வாகனத்தைப் பற்றி மட்டும் நாங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விமான நிலைய வாசலில் சித்தப்பா தன் வானைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அம்மா, சித்தி, தங்கையின் பிள்ளைகள் என்று வந்திருந்த எல்லோரும் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தார்கள். நான் 15 கிலோ எடையுள்ள அந்த இருக்கையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, வானின் பின்னிருக்கையில் முதுகுப்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். ஐசோஃபிக்ஸ் என்பது அந்த இடுக்குக்குள் வாகனத்தின் உடலோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் இரண்டு இரும்பு வளையங்கள். 1999இல் உலகத் தரமாக எழுதப்பட்ட அந்த ஏற்பாடு பழைய வாகனங்களில் இருக்காது, பல வான்களிலும் இருக்காது. எனக்கு அங்கே பஞ்சும் துணியும் தவிர எதுவும் அகப்படவில்லை. சரி, பெல்ட்டால் கட்டுவோம் என்று திருப்பிப் பார்த்தால், எங்கள் இருக்கையில் பெல்ட்டைக் கொண்டுபோவதற்கான வழியே இல்லை; அது கொளுவிகளை மட்டுமே நம்பிச் செய்யப்பட்டது. வானின் பெல்ட்டுகளோ இன்னும் மோசமான நிலையில் இருந்தன. சித்தப்பா ஆசையாகத் தைப்பித்துப் போட்டிருந்த இருக்கை உறைக்கு அடியில் மூன்று பூட்டுகளும் புதைந்து கிடந்தன. உறைக்கு மேலால் தடவியபோது கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட்டன, ஆனால் வெளியே எடுக்கத் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். “தம்பி, பிள்ளையை என்ரை மடியில தா. உங்களை எல்லாம் எந்தச் சீட்டில வைச்சு வளர்த்தனாங்கள்?” நான் மறுத்தேன். சித்தி சமாதானம் சொன்னார். சித்தப்பா, தான் முப்பது வருடமாக வண்டி ஓட்டுவதாகவும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றும் சொன்னார். வேறு வாகனம் பிடிக்கிறேன் என்று நான் சொன்னபோது அது அவருக்குச் செய்யும் அவமதிப்பாகவே ஆகிவிட்டது. முக்கால் மணி நேரம் வாகனத் தரிப்பிடத்தில் நின்று விவாதித்தோம். பிள்ளை அழத் தொடங்கினாள். அம்மா அவளை இரண்டு வருடமாகத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர். “இவ்வளவு தூரத்தில கொண்டுபோய் வைச்சிருக்கிறாய். இந்த ஐஞ்சு மணித்தியாலமாவது என்னட்டை இருக்கட்டும்” என்றார். அந்த வாக்கியத்துக்கு எதிராகச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

விடியப்போகும் நேரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. சித்தப்பா திறமையாகவே நிறுத்தினார். மோதவில்லை, யாருக்கும் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. மகள் விழித்து, மறுபடி தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் இடது முன்கையில் முழங்கை வரை நீலம் பாரித்திருந்ததைக் கண்டேன். பிரேக் பிடித்த கணத்தில் பிள்ளையின் முகம் முன்னிருக்கையில் அடிபடாமல் இருக்கத் தன் கையை இடையில் கொடுத்திருக்கிறார். நான் பார்ப்பதைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

அது வெறும் பிரேக். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். அந்த வேகத்தில் போகும் வாகனம் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு வினாடிக்குள் நின்றால், 12 கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக முன்னோக்கி இழுபடும். எந்தப் பாட்டியின் கையும், எந்தத் தகப்பனின் கையும் அதைப் பிடித்து வைக்க முடியாது. இதை நான் தரிப்பிடத்தில் சொல்ல முயன்றேன். நள்ளிரவில், பயணக் களைப்பில், குரலை உயர்த்திச் சொன்னதால் அது அம்மாவின் அன்பைப் பற்றிய விமர்சனமாகவே அவருக்குக் கேட்டது.

ஆகவே, நடை பயிலும் வயதுப் பிள்ளைக்கு அடுத்த இருக்கை வாங்கும் வேளையும் தாயகப் பயணமும் ஒரே வருடத்துக்குள் வருமானால், இருக்கையை உங்கள் காருக்காக மட்டும் வாங்காதீர்கள். தோளையும் இடுப்பையும் சுற்றி வரும், வாகனத்தின் சாதாரண மூன்றுமுனைப் பெல்ட்டாலும் கட்டக்கூடிய இருக்கையையே தேடுங்கள். ஐசோஃபிக்ஸும் பெல்ட்டும் ஆகிய இரு வழிகளிலும் பொருத்தக்கூடியவையும் கிடைக்கின்றன. இருக்கையின் எடையும் முக்கியம், ஏனெனில் ஒரு கையில் தூங்கும் பிள்ளையோடும் மறு கையில் இருக்கையோடும் நீங்கள்தான் நடக்கப் போகிறீர்கள். தாங்குகால் உள்ள இருக்கையை எடுத்துச் செல்வதானால், அங்குள்ள வாகனத்தின் தரையில் கால் ஊன்றும் இடத்தில் மூடியுள்ள பெட்டி எதுவும் இல்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மூடியின் மேல் அந்தக் கால் நிற்கக் கூடாது.

வட அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே விற்கும் பெரும்பாலான கார்களில் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துவிட்டால் அது திரும்பிச் சுருளும்போது பூட்டிக்கொள்ளும். குழந்தை இருக்கையை இறுக்குவது அந்தப் பூட்டை நம்பித்தான். வேறு நாடுகளின் பல வாகனங்களில் அந்தப் பூட்டு கிடையாது, திடீரென்று இழுபடும்போது மட்டுமே பெல்ட் பிடித்துக்கொள்ளும், மற்ற நேரமெல்லாம் தளர்ந்து ஓடும். ஆகவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இருக்கையிலேயே அமைந்திருக்கும் வகையை வாங்குங்கள், அல்லது அதற்கெனத் தரப்படும் இரும்புக் கவ்வியை எடுத்துச் செல்லுங்கள். முன்நோக்கி வைக்கும் இருக்கைகளின் உச்சியிலிருந்து வரும் பட்டியைக் கொளுவும் வளையமும் பல வாகனங்களில் இராது. அது இல்லாமல் பொருத்த அனுமதி உண்டா என்பதைக் கைநூலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

பயணத்துக்கு வசதி என்பதற்காக, பின்நோக்கி, அதாவது வாகனத்தின் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் பிள்ளையை முன்நோக்கித் திருப்பிவிட வேண்டாம். ஊரில் நிச்சயம் சொல்வார்கள்: கால் மடங்கியிருக்கிறது, வெளியே பார்க்க முடியவில்லை, பாவம். கால் மடங்கியிருப்பது இருக்கை சிறிதாகிவிட்டதற்கு அடையாளமே இல்லை; பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். தலை ஓட்டின் விளிம்பை எட்டும்போது, அல்லது அச்சிட்டிருக்கும் எடையோ உயரமோ வரும்போது, அப்போதுதான் இருக்கை முடிகிறது. இந்த வயதில் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக இறுகவில்லை. பின்நோக்கி இருந்தால் முன்மோதலின் விசையை முதுகும் தலையும் சேர்ந்து ஓட்டின் மேல் பரவலாக வாங்கிக்கொள்ளும். முன்நோக்கி இருந்தால் உடலைப் பட்டிகள் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் வீசி எறியப்படும், அந்த இழுவையைக் கழுத்து தாங்க வேண்டியிருக்கும். குழந்தை இருக்கைகளுக்கென 2013இல் வந்த ஐநா விதி 129 பின்நோக்கி வைப்பதை 15 மாதம் வரை கட்டாயமாக்கியது, ஆனால் அது ஆகக் குறைந்த எல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, இருக்கை அனுமதிக்கும் உச்ச எடையோ உயரமோ வரும்வரை பின்நோக்கியே வையுங்கள் என்றது. சுவீடனில் நான்கு வயது வரை அப்படியே வைக்கச் சொல்கிறார்கள். எனவே அடுத்த இருக்கையின் பின்நோக்கும் எல்லை எவ்வளவு என்பதைத்தான் முதலில் பாருங்கள். 105 சென்ரிமீற்றர் வரை இடம் கொடுக்கும் இருக்கை பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயதை ஒட்டிய காலம் வரை போதும்.

பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்து வாகனத்தின் பெல்ட்டையே போடவிடும் பூஸ்டர் இலேசானது, பெட்டிக்குள் அடங்கும், ஆகவே பயணத்துக்கு அதை வாங்கலாமே என்ற எண்ணம் எங்களுக்கும் வந்தது. இரண்டு, மூன்று வயதில் அது கூடாது. பூஸ்டரில் பிள்ளையைப் பிடித்திருப்பது பெரியவர்களின் பெல்ட் மட்டுமே; நடுவில் சாய்ந்து தூங்கினாலும், கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனிந்தாலும், அந்தப் பெல்ட் தோளை விட்டு நழுவிவிடும். நான்கு வயதுக்குப் பிறகு, 15 கிலோவைத் தாண்டி, பயணம் முழுவதும் நேராக உட்கார்ந்திருக்கும் பக்குவமும் வந்த பிறகு யோசிக்கலாம். இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள இடத்தில் பூஸ்டரை எந்த வயதிலும் வைக்கக் கூடாது.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வயதானால் பிள்ளைக்குத் தனி ஆசனம் வாங்கியே ஆக வேண்டும், ஆகவே அதில் அவளுடைய சொந்த இருக்கையையே கட்டிவிடலாம். ஆனால் விமானத்தில் இருப்பது இடுப்புப் பெல்ட்; ஐசோஃபிக்ஸை மட்டும் நம்பும் இருக்கையும் பூஸ்டரும் அங்கே உதவாது. விமானத்துக்கு ஏற்றது என்ற ஒட்டுத்தாள் இருக்கையில் இருக்க வேண்டும். அமெரிக்க இருக்கைகளில் அது சிவப்பு எழுத்தில் இருக்கும். அகலத்தை அளந்து, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயணப் பொதியாக அனுப்புவதானால் அது வந்த பெட்டியிலேயே, வந்த அடைப்பு நுரையோடு அனுப்புங்கள்; தூக்கிப் போடும்போது உள்ளே விழும் விரிசல் துணிக்கு மேலால் தெரியாது.

இனி, எங்கள் பயணத்தில் பிந்திச் செய்ததை நீங்கள் முந்திச் செய்யுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாகனத்தின் பின்னிருக்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூட்டு தெரிகிறதா, பெல்ட் தோளுக்கு மேலால் வருகிறதா, எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். அழைத்துப் போக வருபவர்கள் அதிகமென்றால் இரண்டாவது வாகனத்துக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், அதையும் அவர்களிடம் முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிள்ளையை மடியில் வைக்கக் காத்திருப்பவரிடம் தொலைபேசியிலேயே பேசுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழு நாளும் அவள் உங்கள் மடியில்தான் என்று சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் விடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அம்மாவின் கை நீலம் பாரித்திருக்காது.

நான்காம் நாள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவுக் குடும்பம் ஒன்று பெல்ட்டால் கட்டும் இருக்கையை எங்களுக்குக் கடனாகத் தந்தது. அது எந்த விபத்திலும் படவில்லை என்பதும் எந்த வருடம் செய்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் வாங்கிக்கொண்டோம். சித்தப்பா பிளேடு கொண்டுவந்து உறையின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். வெயிலில் நின்ற வாகனத்தில் பூட்டின் இரும்பு சுட்டுவிடும் என்பதால் அம்மா இறங்கும்போதெல்லாம் இருக்கையை வெள்ளைத் துண்டால் மூடி வைத்தார். பட்டியின் இறுக்கத்தைப் பார்க்கும் முறையை அவருக்குக் காட்டினேன்: காறை எலும்புக்கு மேல் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும், மடிப்பு எழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அதன் பிறகு என்னை அவர் அதைத் தொட விடவில்லை. பக்கத்தில் அமர்ந்து, பின்நோக்கியிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு கையால் அவளுடைய பாதத்தைப் பிடித்தபடி வந்தார்.

திரும்பி வந்து பெல்ட்டால் கட்டும் இலேசான இருக்கை ஒன்றை வாங்கிவிட்டோம். அடுத்த வருடப் பயணத்துக்கு அதுதான். போன வாரம் அம்மா தானாகவே வானின் பின்னிருக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மூன்று பூட்டுகளும் வெளியே தெரிந்தன, ஆனால் நடு இடத்தில் இடுப்புப் பெல்ட்தான் இருந்தது. பிள்ளைக்கு யன்னல் ஓரத்தையும் தனக்கு நடு இடத்தையும் வைத்திருக்கச் சொல்லிப் பதில் எழுதினேன்.